புதன்கிழமைப் படங்கள்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் தோள்பையைத் திறக்கச் சொன்னார். இரண்டு கமராக்கள், லென்சுகள், சிக்குப்பட்ட வயர்கள், அடியில் ஒரு பெரிய மஞ்சள் உறை. கமராக்களுக்குத்தான் கேள்வி வரும் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் உறையைத் தொட்டு, என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். குடும்பப் படங்கள் என்றேன். மேலே இருந்த படத்தை அரைவாசி இழுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பக்குவமாக உள்ளே தள்ளி, போகச் சொல்லித் தலையாட்டினார்.

"அவர் பாத்தவரோ அப்பா?" என்று கேட்டாள் நிலானி. என் மகள். பதினொரு வயது.

"இல்லை" என்றேன். இந்த விஷயத்தில் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குப் பழகிவிட்டது.

என் மனைவி சுகந்தி போன வருடம் நோர்வேயில், பேர்கனில், புற்றுநோயால் இறந்தாள். ஆண்டுத் திவசத்தை கொழும்பில், வெள்ளவத்தையில், அவளுடைய அப்பாவோடு, என் மாமாவோடு, செய்வதற்காக நானும் நிலானியும் வந்திருந்தோம். மாமாவுக்கு இருதயத்தில் பெரிய ஒப்பரேஷன் நடந்திருந்தது. விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டதால் அவர் மகளின் செத்தவீட்டைத் தொலைபேசியில்தான் பார்த்தார்.

எனக்குத் தொழில் படம் எடுப்பது. நோர்வேயில் எங்கள் சனத்தின் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எதுவென்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் ஆசைப்பட்டு எடுத்ததெல்லாம் எங்கள் வீட்டைத்தான். சுகந்தி வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்குவதை, நிலானி சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போடுவதை, கப்பல் தட்டில் தாயும் மகளும் ஒரே குடைக்குள் நின்று சண்டை பிடிப்பதை. "ஊரிலை எல்லாரையும் சிரி, சிரி எண்டு எடுக்கிறியள். நாங்கள் சிரிச்சா மட்டும் கமராவைக் கீழை வைக்கிறியள்" என்று சுகந்தி பகிடி பண்ணுவாள். அந்தப் படங்களில் ஒன்றைப் புதன்கிழமைதோறும் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். வருடக்கணக்காக நடந்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதை, புதன்கிழமை படம்.

வந்த வருத்தம் புற்றுநோய்தான் என்று தெரிந்த அன்றைக்கே சுகந்தி சொல்லிவிட்டாள், அப்பாவுக்குச் சொல்லக்கூடாது, அவருடைய நெஞ்சு தாங்காது என்று. எங்கள் சனத்தின் வழக்கமே இதுதான். வெளிநாட்டில் ஒருவர் படுத்தால் ஊரில் சொல்வதில்லை, ஊரில் ஒருவர் படுத்தால் வெளிநாட்டுக்குச் சொல்வதில்லை. ஆளையாள் காப்பாற்றிக்கொண்டே இருப்போம். செய்தி போய்ச் சேரும்போது அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சுகந்தி செயற்கை முடியும் உதட்டுச்சாயமும் போட்டுக்கொண்டு அப்பாவோடு கதைத்தாள். புதன்கிழமைகளில் நான் பழைய படங்களைத் தேடி எடுத்து, நேற்று எடுத்தது என்று அனுப்பினேன். உண்மையாக அந்த மாதங்களில் எடுத்தவற்றை ஒருவருக்கும் காட்டவில்லை. எடுக்கச் சொன்னதும் அவள்தான். "எடுங்கோ. இதுவும் எங்கடை வீடுதானே." அவைதான் அந்த மஞ்சள் உறைக்குள் இருந்தன. பெற்ற தகப்பனிடம் அதைக் கொடுப்பதா, அப்படியே திருப்பிக் கொண்டுபோவதா என்பது விமானம் ஏறும்போதும் எனக்குத் தெரியாது, இறங்கும்போதும் தெரியாது.

மாமாவின் வீடு கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி இல்லை, தனி ஆள். கதவைத் திறந்தவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்து மாமனார்மார் அதெல்லாம் செய்யமாட்டார்கள். "பயணம் சுகமோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டே நிலானியின் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்க மறந்துவிட்டார்.

மேசையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் கடையிலிருந்து வந்திருந்தன. பேர்கனில் நாங்கள் சாப்பிடுவது உறையவைத்த இடியப்பம். சூடாக்கினால் ஒரு பக்கம் றப்பர், மறுபக்கம் தண்ணீர். இங்கே அது பூப்போல இருந்தது. நிலானி கரண்டி கேட்பாள் என்று மாமா முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். அவள் அதைத் தொடாமல் கையால் குழைத்துச் சாப்பிட்டாள். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாப்பிட்ட பிறகுதான் ஹோல் சுவரைக் கவனித்தேன். நான் அனுப்பிய புதன்கிழமைப் படங்கள் எல்லாவற்றையும் கழுவி, வந்த வரிசைப்படி ஒட்டியிருந்தார். கடைசி வரிசைகளுக்கு முன்னால் வந்து நின்றேன். அந்த வரிசைகள் முழுக்கப் பொய். ஆனால் தொழில்காரன் புத்தி விடுமா? வேலை சுத்தமா என்று சரிபார்த்தேன். மாரியில் அனுப்பியவற்றில் பனி இருந்தது. கோடையில் அனுப்பியவற்றில் மரங்கள் பச்சை. சுவரில் கலண்டர் தெரிந்த இடங்களை வெட்டியிருந்தேன். ஒரு பிழையும் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது, வெட்கம்தான்.

பின்னேரம் கடற்கரை வீதியில் நடந்தோம். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல். கற்களில் சோடி சோடியாக இளசுகள், வெயில் போன பிறகும் குடைக்குள். பேர்கனில் மழைக்குத்தான் குடை. அங்கே மழை அலுவலகத்துக்குப் போகிறவரைப்போலத் தினமும் வரும். நான் கமராவை எடுத்தபோது நிலானி உள்ளங்கையால் முகத்தை மறைத்தாள். ஒரு வருடமாக இப்படித்தான்.

"பிள்ளை வேண்டாமெண்டா விடுங்கோ தம்பி" என்றார் மாமா. கொஞ்சத் தூரம் நடந்து, கடலைப் பார்த்தபடி கேட்டார்: "கடைசிக் காலத்திலை சுகந்தியைப் படம் ஏதும் எடுத்தனீங்களோ?"

"பெரிசா எடுக்கேல்லை மாமா."

நிலானி என்னை ஒருதரம் பார்த்தாள். மாமா வண்டிக்காரரிடம் வடை வாங்கித் தந்தார். நல்ல வடை. என்னுடையதை நிலானியிடம் நீட்டினேன்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போகவேண்டும் என்றார். திருநீறு பூசாமல் படி இறங்காத மனிதர் அந்தோனியார் கோயிலுக்குப் போவது கொழும்பில் ஒரு அதிசயமே இல்லை. செவ்வாய்க்கிழமை அங்கே போனால் எல்லாச் சமயத்தாரும் இருப்பார்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. கொண்டக்டர் நிலானியை "நங்கி, உள்ளே, உள்ளே" என்று, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டபடி, தள்ளித் தள்ளி, கடைசியில் யாரோ ஒருவருடைய மரக்கறிப் பையின் மேல் நிறுத்திவிட்டார். பேர்கன் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்தாலே சனம் எழும்பி நிற்கும். இங்கே மூன்று பேருடைய வியர்வை என் சட்டையில் இருந்தது.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். உள்ளே மெழுகுதிரி வெக்கை. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்தப் பக்கத்தால் வெளியேற வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவராக நடந்தார். பக்கத்தில் ஒரு சிங்களப் பெண் திரி கொளுத்தியபடி அவரிடம் ஏதோ சொன்னாள். வெளியே வந்ததும் என்னவென்று கேட்டேன்.

"'கனகாலம் காணேல்லையே அங்கிள், உங்கடை வேண்டுதல் பலிச்சிட்டுதோ' எண்டு கேட்டவ."

"என்ன வேண்டுதல் மாமா?"

"பசிக்குது. முதல்லை ஸ்டூடியோவிலை படத்தை வாங்குவம், பிறகு சாப்பிடுவம்" என்று கொட்டாஞ்சேனைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

அங்கேதான் அவர் படம் கழுவும் ஸ்டூடியோ. திவசத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருந்த படம் தயாராக இருந்தது. அப்பிள் மரங்கள் பூத்திருந்த ஒரு மலைச்சரிவில், மழைக்கோட்டோடு சுகந்தியையும் நிலானியையும் நான் எடுத்த படம். போன வருடம் அனுப்பியது. நிலானியை வெட்டிவிட்டுத் தாயை மட்டும் எடுத்திருந்தார்கள். இப்போது அவள் அரக்கு நிறப் பட்டுச்சேலை உடுத்து, கழுத்தில் ஒரு அட்டியலும் போட்டிருந்தாள். தலை ஒரு பக்கமும் கழுத்து இன்னொரு பக்கமும் போயிருந்தன.

"ரெயின்கோட்ட எடுத்துட்டு பட்டு போட்டிருக்கேன் சேர். கழுத்துலதான் கொஞ்சம் மினக்கெட்டேன்" என்றார் ஸ்டூடியோக்காரர். எனக்கு வாயில் நல்ல வார்த்தைகள் பல வந்தன. விழுங்கிவிட்டேன்.

"மழைக்கோட்டோடை திவசம் செய்யேலாது தம்பி" என்றார் மாமா, மன்னிப்புக் கேட்பவர்போல.

நிலானி உற்றுப் பார்த்தாள். "அம்மா இந்தச் சாறியைக் கண்டா கடையிலை திருப்பிக் குடுத்திருப்பா" என்றாள். இந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மூன்று பேரும் ஒரு சைவக்கடையில் மரக்கறிச் சோறு சாப்பிட்டோம். நாலாவது கதிரையில் சுகந்தியின் சட்டம் இருந்தது. பரிமாறியவர் அதற்கு முன்னாலும் ஒரு இலையைப் போட வந்து, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

திரும்பும்போது இந்தச் சட்டத்தோடு பஸ் ஏற முடியாது, கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் போவோம் என்றார் மாமா. அது இன்னும் மோசம். அலுவலகம் விட்ட நேரம். சனம் எங்களைத் தூக்கி உள்ளே வைத்தது என்றுதான் சொல்லவேண்டும். சட்டத்தை நான் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, இருக்கையில் இருந்த ஒரு சிங்கள அம்மா கைநீட்டி வாங்கித் தன் மடியில் வைத்தார். கடதாசிச் சுற்று கிழிந்து சுகந்தியின் முகம் தெரிந்தது. வடிவான பிள்ளை, யார் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் மாமா சொன்ன இரண்டு சொற்கள் நன்றாக விளங்கின. துவ. பிட்டரட்ட. மகள், வெளிநாட்டில்.

அந்த அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். எப்போது வருவாள் என்று கேட்டார்போலும். மாமா யன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே வெள்ளவத்தை நிலையம் ஓடிப்போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கையும் போனது. நாங்கள் ஏறியது வெள்ளவத்தையில் நில்லாத ரயில். ஆயுளில் பாதியை அந்தப் பாதையில் கழித்த மனிதர், பலகையைப் பார்க்காமல் ஏறியிருக்கிறார்.

அடுத்து நின்ற கல்கிசையில் இறங்கினோம். நிலானி சோளம் விற்பவரிடம் போய் நின்றாள். நானும் மாமாவும் மேடை வாங்குப் பலகையில், நடுவில் சட்டத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தோம். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மாமா, இந்தப் படம் போன வருசம் எடுத்ததில்லை."

"தெரியும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

"நிலானியின்ரை பல்லு" என்றார். "ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலை வாய் நிறையப் பல்லு. புதன்கிழமை நீங்கள் அனுப்பின இந்தப் படத்திலை முன்பல்லு ரெண்டும் இல்லை. நான் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தனான். பிறகு பழசுகளைப் பாத்தன். படத்துக்குப் படம் பிள்ளை சின்னனாகிக்கொண்டு போகுது."

பனியைப் பார்த்தேன், இலையைப் பார்த்தேன், கலண்டரை வெட்டினேன். என் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் படங்களைத் தேடிய ராத்திரிகளில் நான் சுகந்தியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"பழைய படம் அனுப்பவேண்டி வந்தா, புதுப்படம் காட்டேலாத மாதிரி இருக்கு எண்டுதானே அர்த்தம். என்ன வருத்தம் எண்டு தெரியாது. பெரிய வருத்தம் எண்டு தெரியும். அண்டையிலயிருந்து செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போனனான்."

"ஏன் மாமா கேக்கேல்லை?"

"எனக்குத் தெரியக்கூடாது எண்டு அவ அவ்வளவு பாடுபடுறா. கேட்டா அழுவா. அழுதா ஆர் அங்கை தேத்துறது? நீங்கள் வேலைக்குப் போயிடுவியள், பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்." சட்டத்தின் கிழிந்த கடதாசியை இழுத்து மூடினார். "எடுத்தனீங்கள்தானே?"

"ஓம் மாமா."

"கொண்டந்தனீங்களோ?"

"ஓம்."

"அப்ப வீட்டை போவம்."

ஓட்டோ பிடித்து வந்தோம். வீட்டில் மாமா கைகால் கழுவி, சாப்பாட்டு மேசையைத் துணியால் துடைத்து, லைட்டைப் போட்டார். நான் உறையைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைத் தொடாமல் நிலானியைப் பார்த்தார்.

"பிள்ளை, அம்மப்பா பாக்கலாமோ?"

அவள் யோசித்தாள். பிறகு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

மாமா ஒவ்வொரு படமாக எடுத்தார். ஆஸ்பத்திரி யன்னலோரம் சுகந்தி. ஊசி ஏறிய கை. வாளியைக் கட்டிப்பிடித்தபடி நித்திரை. நிலானி தாயின் மொட்டைத் தலையில் நிறப் பேனாவால் பூனை வரைகிறாள், தாய் கண்ணை மூடிச் சிரிக்கிறாள். அந்தப் படத்தில் மாமா கனநேரம் நின்றார். "ஒரு வயசிலை முடி இறக்கினோம். அப்ப இப்பிடித்தான் இருந்தவ" என்றார்.  நான் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. படங்களை முகம் மேலே தெரிய ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்.

அடியில் இருந்த ஒன்றை எடுத்தபோது கை நின்றது. எங்கள் குசினி. சோறு அவிக்கும் சட்டியில் சாய்த்து வைத்த போன். அதற்கு முன்னால் சுகந்தி, செயற்கை முடி, பொட்டு, உதட்டுச்சாயம், வாய் நிறையச் சிரிப்பு. போனுக்குத் தெரியாத பக்கத்தில் அவளுடைய இடது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. மேசைக்குக் கீழே நிலானி தாயின் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். போன் திரையில் பெருவிரல் நகம் அளவில் ஒரு கிழவனின் முகம்.

"இது நான்" என்றார்.

"ஓம் மாமா."

"என்னத்துக்கு இப்பிடிச் சிரிக்கிறன்?"

"அலை வந்து இடுப்பிலை கட்டின சாரத்தைக் கொண்டுபோன கதை அம்மப்பா" என்றாள் நிலானி. "நீங்கள் கடலுக்கை குளிக்கப் போய், பிறகு ஒராளின்ரை குடையை வாங்கி மறைச்சுக்கொண்டு வீட்டை வந்தனீங்கள்."

"நான் கடலுக்கை இறங்கி எத்தினை வருசம். அது சும்மா கட்டின கதை. அவ சிரிக்கட்டும் எண்டு ஒவ்வொரு கிழமையும் ஏதாவது யோசிச்சு வைக்கிறனான்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குத் தெரியுமோ?"

நல்லகாலம், இதற்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இல்லை மாமா. போனை வைச்ச உடனை ஒவ்வொரு முறையும் சொல்லுவா, அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது, அவர் பாவம், சந்தோசமா இருக்கிறார் எண்டு. கடைசிக் கிழமையும் சொன்னவ."

"அப்ப சரி" என்றார். "அப்ப சரி." படங்களைச் சேர்த்து, தட்டி, விளிம்பை ஒழுங்காக்கினார். மறுபடியும் தட்டினார். ஒழுங்காக இருந்ததையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு யாருக்கென்றில்லாமல் சொன்னார்:

"நோகுதோ பிள்ளை எண்டு ஒருக்கா கேட்டிருக்கலாம்."

 நிலானி அவருடைய கையைப் பிடித்து அந்தத் தட்டலை நிறுத்தினாள்.

"நோகேல்லை எண்டுதான் சொல்லியிருப்பா, அம்மப்பா."

"ஓம்" என்றார் மாமா. "அப்பிடித்தான் சொல்லியிருப்பா."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.